மெயில் தூரத்தில் இருக்கலாம், இண்டெக்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 250 பேர் வேலை பார்க்கும் அலுவலகம். ஒரே விர்ச்சுவல் மெஷினில், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் அதைப் பயனருக்குத் திறந்து காட்டும் டவ்காட் 2.3-உம் ஓடுகின்றன. மெயில்கள் மெயில்டிர் வடிவில் (ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்), நான்கு ஹார்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி), ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும் அடுக்கு) இருக்கின்றன; சர்வர் அவற்றை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல் திறக்கும் முறை) வழியாக எட்டுகிறது. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை இன்பாக்ஸ் திறக்கவே திணறுகிறது. ரவுண்ட்கியூப் வெப்மெயிலில் பழைய மெயிலைத் தேடினால் சக்கரம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் டைம்அவுட். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவருக்கு ஒரே ஃபோல்டரில் 40,000 மெயில். 10 ஜிகாபிட் சுவிட்ச் வாங்கலாமா, எஸ்எஸ்டி நாஸ் வாங்கலாமா, இன்னொரு மெயில் சர்வர் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். மூன்றாவதைச் செய்தால் இன்று மெதுவாக இருப்பது நாளை மெதுவாகவும் தப்பாகவும் இருக்கும். அந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

மெயில் சர்வரின் வேலை பெரிய ஃபைல்களை அள்ளிக்கொண்டு வருவது இல்லை; சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் தொட்டுப் பார்ப்பது. மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக்கொண்டு போய் ஒரே நடையில் எல்லாம் வாங்கி வரலாம். உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, கடுகுக்கு ஒரு நடை என்றும் போகலாம். மெயில்டிர் இரண்டாவது ரகம். 10 ஜிகாபிட் சுவிட்ச் தெருவை அகலமாக்கும். நடையின் எண்ணிக்கையைக் குறைக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் நெட்வொர்க்கில் ஒரு என்எஃப்எஸ் நடைக்கு அரை மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெயில் ஃபைலின் பெயரைத் தேட ஒரு நடை, திறக்க ஒன்று, படிக்க ஒன்று. ஆக ஒன்றரை மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க், ஃபைல் இருக்கும் இடத்துக்குத் தலையை நகர்த்த மட்டும் ஏறக்குறைய 8. ஒரு மெயிலுக்கு ஒன்பதரை என்றால் 40,000 மெயிலுக்கு 380 செகண்ட், ஆறு நிமிடத்துக்கும் மேல். அதுவும் வேறு யாரும் அந்த டிஸ்கைத் தொடாதபோது. காலை பத்து மணிக்கு மற்ற 249 பேரும் அதே தலையைத்தான் இழுத்துக்கொண்டிருப்பார்கள். எஸ்எஸ்டி நாஸ் வாங்கினால் அந்த 8 போகும், ஒன்றரை அப்படியே நிற்கும். செலவெல்லாம் செய்த பிறகும் ஒரு தேடலுக்கு ஒரு நிமிடம். எந்தச் சொல் எந்த மெயிலில் என்று குறித்து வைக்கும் தேடல் இண்டெக்ஸ் இருந்தால் அந்த 40,000 ஃபைல்களைத் திறக்கவே தேவையில்லை.

இது என் ஊகக் கணக்கு. உங்கள் எண்ணை நீங்களே எடுக்கலாம். சர்வரில் என்எஃப்எஸ்-ஐஓஸ்டாட் என்ற கருவியைக் காலை பத்து மணிக்கு ஐந்து செகண்டுக்கு ஒரு முறை என ஓடவிடுங்கள். அதில் ஆர்டிடி என்ற பத்தி, கேட்டதற்கு நாஸ் பதில் சொல்ல ஆன நேரம். பக்கத்தில் இருக்கும் எக்ஸி என்ற பத்தி, உங்கள் சர்வருக்குள் வரிசையில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தது. ஆர்டிடி-யே பெரியதாக இருந்தால் நாஸ் திணறுகிறது. ஆர்டிடி சின்னதாகவும் எக்ஸி பெரியதாகவும் இருந்தால் சர்வர் பக்கம்தான் நெரிசல். இதைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சரி, இப்போது டவ்காட். அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்பு வழியே எழுதுகிறேன். கான்ஃபிக் ஃபைலில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இருக்கும்.

ஒவ்வொரு ஃபோல்டருக்கும் டவ்காட் மூன்று ஃபைல்கள் வைத்துக்கொள்கிறது. ஒன்று இண்டெக்ஸ்: எந்தெந்த மெயில் இருக்கிறது, படித்ததா படிக்காததா. இன்னொன்று லாக்: ஒவ்வொரு மாற்றமும் முதலில் இதில்தான் எழுதப்படும். மூன்றாவது கேஷ்: அனுப்பியவர், பொருள், தேதி போல மெயில் செயலி வழக்கமாகக் கேட்கும் தலைப்புகள். டவ்காட்டின் கெட்டிக்காரத்தனம் இந்த மூன்றாவதில்தான். உங்கள் ஆட்கள் பயன்படுத்தும் செயலி எதைக் கேட்கிறது என்று கவனித்து அதை மட்டும் சேமிக்கும். ஒரு தலைப்பை 30 நாள் யாரும் கேட்காவிட்டால் விட்டுவிடும். இந்த மூன்றும் நன்றாக இருந்தால் ஃபோல்டரின் பட்டியலைக் காட்ட மெயில் ஃபைல் ஒன்றைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

உங்களிடம் இந்த மூன்றும் மெயிலோடு சேர்ந்து நாஸில் கிடக்கின்றன. யாராவது ஒரு மெயிலைப் படித்தால் லாக்கில் எழுத ஒரு நடை, பூட்டுப் போட ஒரு நடை, டிஸ்கில் இறங்கிவிட்டதா என்று உறுதி செய்ய ஒரு நடை. காலையில் 250 பேர் இதையே செய்கிறார்கள். நாஸ் பெட்டியோ ரெய்டு 5. ரெய்டு 5-இல் எதையாவது சின்னதாக எழுதினாலும் பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியைப் (மீட்புக்கான சரிபார்ப்புத் தரவு) படி, புதிய தரவை எழுது, புதிய பேரிட்டியை எழுது என நான்கு வேலை. மெயிலுக்குப் பேரிட்டியே இல்லாத ரெய்டு 10 போடுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை, இண்டெக்ஸை நாஸிலிருந்து கழற்றி, விர்ச்சுவல் மெஷின் ஓடும் ஹோஸ்டின் எஸ்எஸ்டி-க்குக் கொண்டுவருவது. 2.3-இல் மெயில் லொகேஷன் வரியின் கடைசியில் இண்டெக்ஸ் என்று போட்டு, சமக்குறி வைத்து, உள்ளூர் டிஸ்கில் ஆளுக்கு ஒரு பாதை கொடுத்தால் போதும். 2.4-இல் இதற்கு மெயில் இண்டெக்ஸ் பாத் என்று தனி அமைப்பே உண்டு. மொத்த மெயிலோடு ஒப்பிட்டால் இது பிடிக்கும் இடம் கொஞ்சம்தான். மாற்றிய பிறகு ஒவ்வொருவரும் முதல் முறை திறக்கும்போது டவ்காட் எல்லாத் தலைப்புகளையும் நாஸிலிருந்து மறுபடி படிக்கும். எனவே திங்கள் காலை செய்து வசவு வாங்காதீர்கள். சனி மாலை செய்யுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மெயில்டிரில் படித்தது, நட்சத்திரம் போட்டது எல்லாம் மெயில் ஃபைலின் பெயரிலேயே ஒட்டியிருக்கும். அதனால் உள்ளூர் எஸ்எஸ்டி செத்தாலும் இண்டெக்ஸ் மறுபடி பிறந்துவிடும், நேரம்தான் நஷ்டம். ஆனால் ஒவ்வொரு மெயிலுக்கும் எண் கொடுத்து வைக்கும் யுஐடி-லிஸ்ட் என்ற ஃபைல் மெயில்டிருக்குள் இருக்கும், அதை நகர்த்தாதீர்கள். அது தொலைந்தால் ஒவ்வொரு மெயில் செயலியும் எல்லா மெயிலையும் புதிதாக நினைத்துக்கொண்டு மறுபடி இறக்க ஆரம்பிக்கும். அப்புறம், டவ்காட்டின் சொந்த வடிவங்களான எஸ்டிபாக்ஸ், எம்டிபாக்ஸ் இரண்டிலும் இந்தக் கதை செல்லாது. அங்கே படித்தது, நட்சத்திரம் போன்ற குறிகள் இருக்கும் ஒரே இடம் இண்டெக்ஸ்தான், போனால் போனதுதான்.

இப்போது இன்னொரு சர்வர் விஷயம். மெயில்டிரை 1990-களில் க்யூமெயில் என்ற மெயில் சர்வருக்காக வடிவமைத்தவர் டேனியல் பெர்ன்ஸ்டைன். பூட்டே இல்லாமல் என்எஃப்எஸ்ஸில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்: முதலில் டெம்ப் டைரக்டரியில் எழுதி முடி, பிறகு நியூ-வுக்கு நகர்த்து, அவ்வளவுதான். இதை வைத்துப் பலர், மெயில்டிர் என்றால் எத்தனை சர்வர் வேண்டுமானாலும் ஒரே நாஸில் கைவைக்கலாம் என்று நினைக்கிறார்கள். மெயில் ஃபைலுக்கு அது உண்மை, டவ்காட் இண்டெக்ஸுக்கு இல்லை. என்எஃப்எஸ் க்ளையன்ட், அதாவது நாஸிடம் கேட்கும் சர்வர், ஒரு ஃபைலின் விவரத்தை லினக்ஸில் இயல்பாக 3 முதல் 60 செகண்ட் வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். அடுத்த சர்வர் எழுதியது இதற்குத் தெரியாது. ஒரே ஆளின் லேப்டாப் ஒரு சர்வருக்கும் கைபேசி இன்னொரு சர்வருக்கும் போனால் இண்டெக்ஸ் கெடும். பிழைகளைக் குறிக்கும் லாக்கில் 'எக்ஸ்பஞ்ச்டு மெசேஜ் ரீயப்பியர்ட்' என்று வரி வரியாக வரும். பயனர் மொழியில், "அழிச்ச மெயில் திரும்ப வருது சார்."

இதைத் தடுக்க மெயில் என்எஃப்எஸ் ஸ்டோரேஜ், மெயில் என்எஃப்எஸ் இண்டெக்ஸ், எம்மேப் டிஸேபிள் என்று அமைப்புகள் உண்டு. முதல் இரண்டும் தேவைப்படும்போதெல்லாம் என்எஃப்எஸ் கேஷைத் தூக்கியெறியச் சொல்பவை. அதாவது இன்னும் நடை கூடும். மூன்றாவது, இண்டெக்ஸை மெமரியில் ஒட்டிப் படிப்பதை நிறுத்துவது. சரியான வழி, ஒரு பயனர் எப்போதும் ஒரே சர்வருக்குப் போகும்படி முன்னால் ஒரு ப்ராக்ஸி (இணைப்பைத் திருப்பிவிடும் இடையாள்) வைப்பது. அவருக்கு வரும் மெயிலும், போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டிடம் ஒப்படைக்கும் எல்எம்டிபி வழியாக அதே சர்வருக்குத்தான் போக வேண்டும். 2.3-இல் இதற்கு டைரக்டர் என்ற பகுதி இருந்தது, 2.4-இல் எடுத்துவிட்டார்கள். யாருக்கு எந்த சர்வர் என்று பயனர் பட்டியலிலேயே ஹோஸ்ட் பெயரைக் குறித்து வைப்பது இன்றும் நடக்கும். 250 பேருக்கு இதெல்லாம் தேவையே இல்லை, ஒரு சர்வர் தாங்கும். ஒரே சர்வர், இண்டெக்ஸ் உள்ளூரில் என்றான பிறகு மேலே சொன்ன மூன்று அமைப்புகளும் உங்களுக்கு வேண்டாம். முன்பே எங்கிருந்தாவது ஒட்டி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மெயில் எஃப்சிங்க் மட்டும் ஆல்வேஸ் என்று இருக்கட்டும். என்எஃப்எஸ்ஸில் எழுதும்போது நேர்ந்த பிழை தாமதமாகத்தான் தெரியவரும். டிஸ்கில் இறங்கியதா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

மவுண்ட், அதாவது நாஸை சர்வரோடு இணைக்கும் விதம்; அதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹார்டு மவுண்ட் போடுங்கள், நாஸ் பதில் சொல்லும்வரை காத்திருக்கும். சாஃப்ட் போட்டால் நாஸ் கொஞ்சம் தடுமாறினாலும் பாதி எழுதிய ஃபைலோடு பிழை திரும்பி வரும். நோஏடைம் (ஃபைலைப் படித்த நேரத்தைக் குறிக்காதே) என்று க்ளையன்ட் பக்கம் போட்டுவிட்டு வேகம் கூடிவிட்டதாக எழுதுபவர்களை நம்பாதீர்கள். அந்த நேரத்தைக் குறிப்பது நாஸ், அங்கேதான் நிறுத்த வேண்டும். நாஸ் லினக்ஸ் என்றால், கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் என்எஃப்எஸ்டி எத்தனை த்ரெட் என்று பாருங்கள். பல காலம் இயல்பு எண்ணிக்கை 8. காலை நெரிசலில் 32 வைத்துப் பாருங்கள். சர்வர், நாஸ் இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடட்டும், இல்லாவிட்டால் பூட்டு ஃபைலின் நேரத்தைப் பார்த்து டவ்காட் குழம்பும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாஸ் தன் ஃபைல்களைப் பகிரும் எக்ஸ்போர்ட் அமைப்பில் சிங்க்கை அசிங்க் ஆக்கினால் எல்லாம் பறக்கும். ஏனென்றால் டிஸ்கில் எழுதாமலேயே எழுதிவிட்டேன் என்று நாஸ் பொய் சொல்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் அதைச் செய்து வைத்திருந்தார், எனக்குத் தெரியாது. ஒரு மழை நாள், கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டது. பெட்டி எழுந்து வந்த பிறகு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து, "க்ளையன்ட் கொட்டேஷன் அனுப்பிட்டேன்னு சொல்றாங்க, எனக்கு வரலியே" என்றார். போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கைத் திறந்தால் 'டெலிவர்டு' என்று அழகாக இருக்கிறது. மெயில்டிரில் அந்த ஃபைல் பூஜ்ய பைட். போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையிலிருந்தும் அழித்துவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை. அப்படி எத்தனை என்று ஃபைண்ட் கட்டளை போட்டு எண்ணியபோது வயிற்றைக் கலக்கியது. வேகம் வேண்டுமானால் எழுத வேண்டியதைத் தாங்கி வைக்கும், பேட்டரியோடு கூடிய ரைட் கேஷ் இருக்கிற பெட்டி வாங்குங்கள், அசிங்க் வேண்டாம்.

இனி தேடல். ஐமேப்பில் (மெயில் செயலி சர்வரோடு பேசும் மொழி) மெயிலின் உடலுக்குள் தேடு என்று கேட்டால், தேடல் இண்டெக்ஸ் இல்லாத சர்வர் ஒவ்வொரு மெயிலையும் திறந்து, என்கோடிங்கைப் பிரித்து, எழுத்தெழுத்தாகப் பார்க்கும். தமிழ் மெயிலில் இது இன்னும் கனம். யுனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். அதை மெயிலுக்காக ரோமன் எழுத்துகளாக மாற்றும் பேஸ்64-இல் மடித்தால் 4. 'மி' என்ற ஓர் எழுத்துக்கே மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடு, 8 பைட். மெயில் ஃபைலை நேராகத் திறந்து பாருங்கள், ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. அர்த்தமில்லாத ரோமன் எழுத்துக் கூட்டம்தான் இருக்கும். மெயில்டிர்தானே, கிரெப் கட்டளை போட்டுத் தேடிக்கொள்ளலாம் என்பது நமக்கு நடக்காது.

டவ்காட்டுக்கு இரண்டு நல்ல வழி உண்டு. ஒன்று சோலார், சூரிய சக்தி அல்ல, ஜாவாவில் ஓடும் தேடல் சர்வர். இன்னொன்று ஃப்ளாட்கர்வ், சேப்பியன் என்ற தேடல் நிரல் நூலகத்தின் மேல் கட்டியது, 2.3-க்குத் தனி ப்ளகினாகக் கிடைக்கும், 2.4-இல் உள்ளேயே வருகிறது. உங்கள் அளவுக்கு ஃப்ளாட்கர்வ் போதும். சோலார் என்றால் இன்னொரு சர்வரையும் ஜாவா மெமரியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஃப்ளாட்கர்வ் தன் தரவுத்தளத்தை டவ்காட் இண்டெக்ஸ் இருக்கும் இடத்திலேயே வைக்கும். அதனால்தான் முதலில் இண்டெக்ஸை எஸ்எஸ்டி-க்கு நகர்த்தச் சொன்னேன். தேடல் இண்டெக்ஸை நாஸிலேயே வைத்தால் அங்கும் இங்கும் துண்டு துண்டாகப் படிக்க மறுபடி நடை. எஸ்எஸ்டி-யில் அதற்கும் இடம் விடுங்கள். மெயில் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து அளவு மாறும். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் முதலில் ஓட்டி, இடத்தை அளக்கும் டியூ கட்டளை போட்டுப் பார்த்தால் கணக்குக் கிடைத்துவிடும்.

மெயில் வந்ததுமே தேடல் இண்டெக்ஸில் சேர்க்கும் எஃப்டிஎஸ் ஆட்டோஇண்டெக்ஸ் என்பதை யெஸ் ஆக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒருவர் முதல் முறை தேடும்போதுதான் அவருடைய 40,000 மெயிலையும் இண்டெக்ஸ் செய்ய உட்காரும். தேடல் வைத்த பிறகு முன்பைவிட மெதுவாகிவிட்டது என்ற புகார் அங்கிருந்துதான் வரும். ட்ராஷ், ஸ்பாம் ஃபோல்டர்களை விலக்கிவிடுங்கள். பழைய மெயில்களை டவ்காட்டின் நிர்வாகக் கருவியான டவ்-அட்மின் இண்டெக்ஸ் கட்டளையால், வரிசையில் போடும் க்யூ விருப்பத்தோடு, இரவில் ஓட்டுங்கள். இண்டெக்ஸ் செய்யும் ப்ராசஸான இண்டெக்ஸர் ஒர்க்கர் இயல்பாகப் பத்து வரை கிளம்பும். பத்தும் சேர்ந்து உங்கள் நான்கு டிஸ்க் நாஸைக் குடைந்தால் விடிந்தாலும் ஓயாது. இரண்டாகக் குறையுங்கள். 2.3-இல் அந்த ப்ராசஸுக்கு மெமரி எல்லை இயல்பாக 256 எம்பி. பெரிய மெயில்பெட்டியில் அது போதாமல் பாதியில் சாகும், உயர்த்தி வையுங்கள். பிடிஎஃப் இணைப்புகளுக்குள்ளும் தேட வேண்டும் என்றால் டிகோடர் ஸ்கிரிப்ட் உண்டு. முதல் மாதம் அதைத் தொடாதீர்கள்.

தமிழில் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். ஐமேப் விதிப்படி சொல்லின் நடுவிலும் பொருந்த வேண்டும். ஃப்ளாட்கர்வ் இயல்பாகச் சொல்லின் முன்பகுதியை மட்டும் பார்க்கும். ஆங்கிலத்தில் இது பெரிதாகத் தெரியாது, நமக்குத் தெரியும். 'விண்ணப்பம்' என்று தேடினால் 'விண்ணப்பத்தை', 'விண்ணப்பத்தில்' இரண்டும் வராது. 'விண்ணப்ப' என்று நிறுத்தினால் எல்லாம் வரும். 'ரசீது' என்றால் 'ரசீதை' வராது, 'ரசீத' என்றால் வரும். வேற்றுமை உருபு ஒட்டும் இடத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள். அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். ஆனால் 'கட்டணம்' என்று தேடி 'மின்கட்டணம்' வர வேண்டும் என்றால் சப்ஸ்ட்ரிங் தேடலை இயக்க வேண்டும். இண்டெக்ஸ் நன்றாகவே பெருத்துவிடும். தமிழ்க் கடிதப் போக்குவரத்து அதிகம் உள்ள இடத்தில் அந்த இடத்தைச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. யுனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துருவில் வந்த மிகப் பழைய மெயில்கள் இருந்தால், யுனிகோடில் தட்டச்சு செய்து அவற்றைத் தேட முடியாது. அது டவ்காட்டின் குற்றமும் இல்லை.

இதற்கு மேலும் காலையில் இழுத்தால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, மெயில்டிர் வெரி டர்ட்டி சிங்க்ஸ். இதை யெஸ் ஆக்கினால் வெளியிலிருந்து யாரும், பார்த்த மெயில்கள் இருக்கும் கர் டைரக்டரியைத் தொடவில்லை என்று நம்பி, டவ்காட் அதை ஓயாமல் வருடிப் பார்ப்பதை நிறுத்தும். எல்லாம் டவ்காட் வழியாகவே போகும் இடத்தில் இது பாதுகாப்பானது. இரண்டு, உங்கள் பேக்கப். இரவில் தொடங்கிய, நகலெடுக்கும் ஆர்சிங்க் காலை பத்து மணிக்கும் நாஸில் ஒவ்வொரு ஃபைலாக நலம் விசாரித்துக்கொண்டிருக்கலாம். நான் பார்த்த 'காலையில் மட்டும் மெதுவு' கேஸ்களில் இது அடிக்கடி மாட்டும். நாஸிலேயே ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த படம்) எடுத்து அங்கிருந்து நகலெடுங்கள்.

அடுத்த ஆண்டு வன்பொருள் மாற்றும்போது எம்டிபாக்ஸை யோசிக்கலாம். பல மெயில்களை ஒரே ஃபைலில் அடுக்கும்; ஆல்ட் என்று இரண்டாவது பாதை கொடுத்தால், 90 நாளைக்கு மேற்பட்ட மெயில்களை டவ்-அட்ம் ஆல்ட்மூவ் கட்டளையால் நாஸுக்குத் தள்ளலாம். புதியது எஸ்எஸ்டி-யில், பழையது நாஸில். நாஸுக்கு ஏற்ற வேலை அதுதான். அழித்த மெயில் உண்மையில் போக டவ்-அட்ம் பர்ஜ் இரவில் ஓட வேண்டும், இண்டெக்ஸுக்கும் பேக்கப் வேண்டும். இந்த இரண்டையும் செய்ய நேரமில்லை என்றால் மெயில்டிரிலேயே இருங்கள்.

இந்தச் சனி இண்டெக்ஸை நகர்த்துங்கள். ஒரு வாரம் விட்டு, அக்கவுண்ட்ஸ்காரர் உட்பட மூன்று பேருக்கு ஃப்ளாட்கர்வ். எதையும் தொடுவதற்கு முன் நாளை காலை பத்து மணிக்கு அந்த ஆர்டிடி, எக்ஸி எண்களைக் குறித்து வையுங்கள். இண்டெக்ஸ் நகர்ந்த பிறகு அதே கிழமை, அதே நேரம் மறுபடி எடுங்கள். இரண்டாவது முறையும் ஆர்டிடி இரட்டை இலக்க மில்லிசெகண்டில் நின்றால், அப்போது எஸ்எஸ்டி நாஸின் விலையைக் கேட்கலாம்.